முதல் நாலரை மணித்தியாலம்: பாரிசவாதத்துக்கு ஹோமியோபதி முதலுதவி பற்றி ஒரு மதிப்பீடு

பாரிசவாதத்துக்கு ஹோமியோபதியில் முதலுதவி உண்டு என்று சொல்லும் குறிப்புகள் தனி எழுத்துவகையாகவே வளர்ந்துவிட்டன. வீட்டு வைத்தியக் கைநூல்களின் பின்பக்கங்களில் அவை இருந்தன. மருந்துப் பெட்டிகளோடு சேர்ந்து வந்தன. இன்று கைத்தொலைபேசி உள்ள எந்த வீட்டுக்கும் வந்து சேருகின்றன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முகம் சிவந்து, தலை துடித்து, கண்மணி விரிந்திருந்தால் பெல்லடோனா. திடீர்த் தாக்கமும் மரண பயமும் இருந்தால் அக்கோனைட். குறட்டை மூச்சோடு நினைவிழந்து கிடந்தால் ஓபியம். விழுந்தவர் யாராயிருந்தாலும் ஆர்னிகா. நாள் கடந்தும் வாய் கோணியபடியே, வலப்பக்கம் வழங்காமலே இருந்தால் காஸ்டிகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படியான ஆலோசனை பட்டியலின் கடைசியில் வரும், சிலவற்றில் வராது.

இந்தக் குறிப்புகளை மூன்று அளவுகோல்களால் நிறுக்கலாம். தமது மூலநூலின் கொள்கைக்கு அவை உண்மையாக இருக்கின்றனவா? சோதனையில் நின்றனவா? படிப்பவர் வாழும் இடத்தின் தூரத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துகின்றனவா? மூன்றாவதை ஹோமியோபதியின் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருங்கே விட்டுவிடுகிறார்கள். கடலும் களப்பும் மகாவலியின் கிளைகளும் நிலத்தைத் துண்டுபோட்டு வைத்திருக்கிற திருகோணமலை மாவட்டத்தில் அதற்கே முதல் இடம் தரவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நோயின் தன்மையை வாசகர் அறிவர். தீர்ப்புக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். பாரிசவாதங்களில் ஏறத்தாழ 85 வீதம் மூளைக்குப் போகும் குழாய் அடைபடுவதால் வருவன. எஞ்சியவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருவன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றிக் கிடந்தால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்தின் தகுதியை 1995இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனை நிறுவியது. 624 நோயாளர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில், மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் ஊனமின்றியோ சிறு குறையோடோ மீளும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 30 வீதம் கூடியிருந்தது. அதே சோதனையில் மூளைக்குள் நோய்க்குறியோடு கூடிய இரத்தக்கசிவு 0.6 வீதத்திலிருந்து 6.4 வீதமாக உயர்ந்தது; இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2008இல் வந்த ஐரோப்பியச் சோதனை கால எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. அதில் நல்ல விளைவு கண்டவர்கள் மருந்து பெற்றவர்களில் 52.4 வீதம், பெறாதவர்களில் 45.2 வீதம். நூற்றுக்கு ஏழு பேர் என்ற வித்தியாசம்.

இந்த எண்களை முழுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலை வைத்தியத்தின் சார்பில் பேசுவோர் பலர் இந்த மருந்தை அற்புதமாக வருணிக்கிறார்கள். அது அற்புதம் அல்ல. ஆபத்தும் எல்லையும் அளந்து சொல்லப்பட்ட, மிதமான, மெய்யான நன்மை. அந்த அளத்தலே அதன் தகுதி. தன் மருந்து எத்தனை பேருக்கு உதவியது, எத்தனை பேருக்குக் கேடு செய்தது என்று இப்படிச் சொல்லத் துணிந்த பாரிசவாத முதலுதவிக் குறிப்பு எதையும் ஹோமியோபதிக் கைநூல்களில் நான் கண்டதில்லை.

மூலநூலுக்கு வருவோம். சாமுவேல் ஹானிமன் 1810இல் வெளியிட்ட ஆர்கனன், உடன்பட முடியாதவரும் மதிக்கவேண்டிய நூல். வாதத்தில் ஒழுங்கு இருக்கிறது; எதிராளியின் பிழையை அவர் துல்லியமாகக் காட்டுகிறார். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர் பாரிசவாதம் கண்டவரின் நாளத்தைக் கீறி இரத்தம் வடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஹானிமன் இரத்தம் வடிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய நுண்ணிய அளவு மருந்து ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும், ஒன்றும் செய்யாமை அன்றைய சிகிச்சையைவிட மேலானது. ஹோமியோபதியின் தொடக்ககாலப் புகழில் ஒரு பகுதி இந்த நியாயமான அடித்தளத்தில் எழுந்தது. அதை மறுப்பவர் வரலாற்றுக்கு நேர்மை செய்யவில்லை.

அதே நூலின் 67ஆம் பந்திக்கு ஒரு நீண்ட அடிக்குறிப்பு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்து, ஒத்த மருந்து வேலை செய்வதற்கு மணித்தியாலமோ நிமிடமோ அவகாசம் இல்லாத நிலையில் ஹோமியோபதியை ஒதுக்கிவைத்து, வேறு வழியால் உயிரியக்கத்தைத் தூண்டுவது தகும் என்று ஹானிமன் அங்கே ஒப்புக்கொள்கிறார். மூச்சடைப்பு, மின்னல் தாக்கம், உறைதல், நீரில் மூழ்கல் ஆகியவை அவர் தரும் எடுத்துக்காட்டுகள். பாரிசவாதம் அவற்றில் இல்லை. ஆகவே விதிவிலக்கு அதற்குப் பொருந்தாது என்று ஒரு ஹோமியோபதி வைத்தியர் வாதிடலாம். வாதம் எழுத்துக்குப் பொருந்தும், நியாயத்துக்குப் பொருந்தாது. அவர் விதிவிலக்கு அளித்தது அவகாசமின்மை என்ற காரணத்துக்காக. கலங்கள் நிமிடக் கணக்கில் சாகின்றன என்று ஹானிமன் அறிய வழியில்லை. அறிந்த நாம் அவருடைய காரணத்தையே பின்பற்றினால் பாரிசவாதம் அந்த அடிக்குறிப்பின் கீழ்தான் வரும்.

இதனினும் ஆழமான முரண் முறையிலேயே இருக்கிறது. வைத்தியன் அறியக்கூடியது குறிகளின் முழுத்தொகை மட்டுமே, மருந்தைத் தேர ஒரே வழிகாட்டி அதுவே என்பது ஆர்கனனின் மையக் கொள்கை. உடலுக்குள் நடப்பதைப் பற்றிய ஊகங்களை ஹானிமன் விலக்கினார். அவர் காலத்து ஊகங்களின் தரத்தைப் பார்த்தால் விலக்கியது சரியே. பாரிசவாதத்தில் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வியோ அடைப்பா கசிவா என்பது. இரண்டும் ஒரே கோணிய வாயோடும், ஒரே வழங்காத கையோடும், ஒரே குழறும் பேச்சோடும் வரலாம். வெளிக்குறியைக் கொண்டு இரண்டையும் உறுதியாகப் பிரிக்க எந்த முறையைச் சேர்ந்த வைத்தியராலும் முடியாது. லண்டனில் 1971இல் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்த ஸ்கான் கருவி வந்த பிறகுதான் அந்த வேறுபாடு உயிருள்ளவரிடத்தில் சில நிமிடத்தில் தெரியலாயிற்று. குறிகளுக்கு அப்பால் பார்க்கமாட்டேன் என்று கொள்கையளவில் நிற்கும் முறை, குறிகளுக்கு அப்பால் மட்டுமே விடை இருக்கும் நோயில் கையற்று நிற்கிறது. இந்தக் குறையைப் பயிற்சி கூடினாலும் திருத்த முடியாது, ஏனென்றால் அது முறையின் வரையறைக்குள் இருக்கிறது.

ஆளுக்கு ஏற்ற மருந்து என்பது ஹோமியோபதி பெருமையாகச் சொல்லும் இன்னொரு கொள்கை. நோயாளியின் பயம், கனவு, சூடு குளிர் பிடித்தம், எந்த நேரத்தில் கூடும், எதனால் தணியும் என்றெல்லாம் விரிவாகக் கேட்டறிந்து தேர்வது அதன் வழக்கம். நீண்ட நாள் வருத்தங்களில் இந்தப் பொறுமையான விசாரிப்பு நோயாளிக்கு ஆறுதல் தருகிறது. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவுகளில் கிடைக்காத ஒன்றை அது தருகிறது. பேச்சு இழந்தவரிடம் இந்த விசாரிப்பை நடத்த முடியாது. முதலுதவிக் குறிப்புகள் ஆகவே விசாரிப்பைக் கைவிட்டு, முகச்சிவப்பு, குறட்டை போன்ற நாலைந்து குறிகளுக்கு நாலைந்து மருந்து என்று சுருக்கிவிடுகின்றன. நோயின் பேருக்கு மருந்து கொடுப்பதை ஹானிமன் வெறுத்தார். விழுந்தவர் எவருக்கும் ஆர்னிகா என்பது அதைத்தான் செய்கிறது. ஆக, முதல் அளவுகோலில் இந்தக் குறிப்புகள் தோற்பது மேலை வைத்தியத்தின் கையால் அல்ல, தம் மூலநூலின் கையால்.

இரண்டாவது அளவுகோலில் அதிகம் தங்கவேண்டியதில்லை. பாரிசவாதத்தின் தொடக்க நிலையில் ஆர்னிகாவை, யாருக்கு எது என்று இரு தரப்பும் அறியாத முறையில் சோதித்தவர்கள் உண்டு. ஸாவேஜ், ரோ ஆகிய இருவரும் 1977இலும் 1978இலும் இரண்டு சோதனைகளைப் பிரித்தானிய ஹோமியோபதிச் சஞ்சிகையிலேயே வெளியிட்டார்கள். தன் மருந்தைத் தன் சஞ்சிகையில் சோதனைக்கு வைத்த அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும். அச்சோதனைகள் ஆர்னிகாவின் நன்மை எதையும் நிறுவவில்லை. ஆர்னிகா பற்றிய எட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஏர்ன்ஸ்ட், பிட்லர் ஆகியோரின் 1998 ஆய்வும் வெறும் மருந்தைவிட அது மேலானது என்று காட்டச் சான்று போதவில்லை என்றது. அவுஸ்திரேலிய தேசிய ஆய்வு மன்றம் 2015இல், ஹோமியோபதி பயன்தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய்நிலை எதுவுமே இல்லை என்ற முடிவுக்கு வந்தது. நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்ப்பித்த 30 வீரியத்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறும் எஞ்ச வாய்ப்பில்லை என்ற அவகாட்ரோ கணக்கு பழையது, மறுக்கப்படாதது. பன்னிரண்டாம் நீர்ப்பிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு முன்பே வந்த முடிவை அறியாதது போல ஆர்னிகாவைப் பட்டியலின் தலையில் வைக்கும் கைநூல் தன் துறையின் இலக்கியத்தையே படிக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

சோதனை சொல்லாததை அனுபவம் சொல்கிறது என்பார்கள். அனுபவச் சான்றை நான் தள்ளுவதில்லை. அதற்கும் ஒரு வாசிப்பு முறை வேண்டும். தெற்காசியாவில் ஹோமியோபதி காலூன்றிய கதையையே எடுத்துக்கொள்ளலாம். திரான்சில்வேனியாவிலிருந்து வந்த யோன் மார்ட்டின் ஹோனிக்பெர்கர், பஞ்சாபின் மன்னர் ரஞ்சித் சிங்குக்கு 1839இல் துல்காமரா கொடுத்து, பேச்சுத் தடையிலும் கால்வீக்கத்திலும் முன்னேற்றம் கண்டார் என்பது அந்தக் கதை. மன்னரின் பேச்சைப் பறித்தது அடுத்தடுத்து வந்த பாரிசவாதம். அதே ஆண்டு ஜூன் 27இல் மன்னர் இறந்தார். கதை சொல்வோர் முன்னேற்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த மருந்தாலும் அவரை அன்று காப்பாற்றியிருக்க முடியாது என்பதால் ஹோனிக்பெர்கர்மீது குற்றம் இல்லை. குற்றம், கதையை நடுவில் வெட்டுகிற வாசிப்பில்.

அந்த வெட்டு இன்றும் நடக்கிறது. பாரிசவாதத்தைப்போல அதற்கு இடங்கொடுக்கும் நோய் குறைவு. தற்காலிகத் தாக்கம் என்று ஒன்று உண்டு. கை தளர்கிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் தானாகத் தெளிந்துவிடுகிறது. இடையில் நாக்கில் வைத்த குளிகை எதுவாக இருந்தாலும் அதுவே குணமாக்கியது என்று வீடு முழுக்க நம்பும். உண்மையில் அந்த வீட்டின் மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் ஜோன்ஸ்டன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்படித் தெளிந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பாரிசவாதம் வந்தது. அதிலும் பாதி முதல் இரண்டு நாளில். முகநரம்பு மட்டும் தளர்ந்து வாய் கோணுகிற வேறொரு வருத்தமும் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே மாறுகிறது. அதையும் பாரிசவாதம் என்று எண்ணி மருந்துக்குப் புகழ் சேர்க்கிறார்கள். அனுபவம் பொய் சொல்லவில்லை. எதற்கு எது காரணம் என்று சொல்ல அனுபவத்துக்குத் தனியாக வலு இல்லை.

இனி ஹோமியோபதிக்காகச் சொல்லப்படும் மிக வலுவான வாதத்தைப் பார்ப்போம், ஏனென்றால் வலுவற்றதை வீழ்த்துவது திறனாய்வு ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்று யார் சொன்னது? வாகனம் வரும்வரைக்கும் நாக்கில் இரண்டு குளிகை வைத்தால் என்ன கெட்டுவிடும்? மூலக்கூறே இல்லாத மருந்து நன்மை செய்யாது என்கிற நீங்கள், அது தீமை செய்யும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கேள்வி நேர்மையானது. குளிகையில் நஞ்சு இல்லை என்பதையும் ஏற்கவேண்டும். கடுகளவுச் சீனி உருண்டை ஒருவரின் மூச்சை அடைப்பதும் அரிது. தீமை வேறு மூன்று வழியால் வருகிறது. முதலாவது, வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்ற விதி. பாரிசவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். கொடுத்தது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். முதலுதவி விதி பதற்றத்தில் இருப்பவருக்கானது. விதிவிலக்கு இல்லாத வரைதான் அது நிற்கும். குளிகை வைக்கலாம் என்றால் ஒரு மிடறு தண்ணீரும் வரும், பிறகு கோப்பி வரும், கசாயம் வரும், பிறசர் குளிசை வரும். இரண்டாவது, தேர்வு. பெல்லடோனாவா ஓபியமா என்று பார்க்கக் கைநூலைத் திறப்பதற்கும், தெரிந்த ஹோமியோபதி வைத்தியருக்குக் கோல் எடுப்பதற்கும் போகிற நேரம் அந்த நாலரை மணித்தியாலத்திலிருந்துதான் போகிறது. முதல் கோல் யாருக்கு என்பதே முதலுதவியின் முழுக் கேள்வி. குறிப்பு அந்த இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, நான் ஏற்கெனவே சொன்ன தற்காலிகத் தாக்கம். கை தெளிந்துவிட்டால் முச்சக்கரவண்டி பாதி வழியில் திரும்பிவிடும். குளிகை கொடுக்காத வீட்டிலும் திரும்பக்கூடும்தான். ஆனால் குணம் கண்டுவிட்டது என்ற விளக்கம் கையில் இருக்கிற வீட்டை மறுபடி புறப்படச் செய்வது மிகக் கடினம்.

ஹோமியோபதியை மட்டும் தனியே பிடித்து விமரிசிப்பதும் நீதி ஆகாது. தமிழில் பரவுகிற இன்னொரு குறிப்பு, பத்து விரல் நுனிகளையும் ஊசியால் குத்தி இரத்தம் வரவைத்தால் மூளைக்குழாய் திறக்கும் என்கிறது. சீன மரபின் விரல்நுனிப் புள்ளிகளிலிருந்து எடுத்து, இடம் பொருள் இல்லாமல் ஒட்டவைத்தது அது. ஹானிமன் எதிர்த்த இரத்தம் வடித்தல் இரு நூற்றாண்டு கழித்து விரல் நுனி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அது குளிகையைவிடக் கேடானது: வலியால் இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், நேரத்தையும் தின்னும். மேலை மருந்தின் பேரால் வீட்டில் நடக்கும் பிழைகள் இதற்கும் மேல். பிறசர் கூடித்தான் இப்படி ஆயிற்று என்று நாக்கின் கீழ் குளிசை வைக்கிறார்கள். அடைப்புள்ள மூளைக்கு அந்த நேரம் உயர்ந்த அழுத்தமே இரத்தத்தைத் தள்ளுகிறது. கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கப்படாத அடைப்பு நோயாளரில் அழுத்தம் 220க்கு 120ஐத் தாண்டாதவரை பொதுவாக ஆஸ்பத்திரியே அதைக் குறைக்க அவசரப்படுவதில்லை. நெஞ்சு வலிக்குச் சொன்ன அஸ்பிரினைப் பாரிசவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். கசிவாக இருந்தால் அது கேட்டைக் கூட்டும். ஸ்கான் எடுத்துக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு கொடுக்கும் அஸ்பிரினே நன்மை தருவது, அந்த நன்மையும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்குத்தான் என்று 1997இல் வந்த இரண்டு பெருஞ்சோதனைகள் காட்டின. இவற்றோடு ஒப்பிடுகையில் ஹோமியோபதிக் குளிகை மிகக் குறைந்த நேரடித் தீங்கு உடையது. இந்த ஒப்பீட்டுச் சலுகையை அதற்குக் கொடுத்தாகவேண்டும்.

மூன்றாவது அளவுகோல், இடம். திருகோணமலைப் பொது வைத்தியசாலை நகரத்தில் இருக்கிறது. புல்மோட்டை வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கந்தளாய் தென்மேற்கே ஏறத்தாழ நாற்பது. மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தக் கரையில் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தரை வழியாகப் போகக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியே வரவேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பயணம் படகுப்பாதையை நம்பியிருந்தது. பாரிசவாதச் சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்தில் அண்மைக்காலத்தில் நேர்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், மருந்து எதையும் சொல்லமாட்டேன், அந்தப் பாலத்தையும் அதன்பின் மூதூர் வீதியில் எழுந்த பாலங்களையும்தான் சொல்வேன். எஞ்சியிருக்கிற துண்டிப்பும் மறக்கக்கூடியதல்ல. குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடக்கையில் மாற்றாக ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23இல் கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள்.

கடலில் இருப்பவர் நிலை இன்னும் கடினம். கொட்பே துறையிலிருந்து பலநாள் கலங்களில் போகும் தொழிலாளி ஒருவர் இரவில் படுத்து, விடியலில் கை வழங்காமல் எழும்பினால், கணக்கு எழும்பிய நேரத்திலிருந்து ஓடாது. அவர் கடைசியாகச் சுகமாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்தே ஓடும். அந்த நேரத்தைக் குறித்துவைத்துக் கரைக்குச் சொல்லும் தோழன் செய்வது, படகில் செய்யக்கூடிய மிக உயர்ந்த முதலுதவி. பெரிய குழாய் அடைப்பில் கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பயன் 2015இல் நிறுவப்பட்டு, 2018இல் தேர்ந்த சில நோயாளருக்கு 24 மணித்தியாலம் வரை நீண்டது. ஆகவே நாலரை மணித்தியாலம் கடந்துவிட்டது என்று கரையிலேயே கைவிடுவதும் பிழை.

இங்கே அதிகாரபூர்வ முதலுதவிப் பிரசுரங்களையும் அதே தராசில் வைக்கவேண்டும். முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கையும் பார்க்கச் சொல்லும் சோதனை 1998இல் இங்கிலாந்தில் அம்புலன்ஸ் பணியாளருக்காக உருவானது. எளிமை, மனத்தில் நிற்கும் தன்மை, எவரும் செய்யக்கூடிய முறை ஆகியவற்றில் அதற்கு ஈடான முதலுதவிக் கருவி அரிது. அதன் குறை, மூளையின் பின்பகுதியில் நேரும் தாக்கத்தைத் தவறவிடுவது. கென்டக்கியில் 2017இல் வந்த ஓர் ஆய்வில் 14 வீதமான பாரிசவாத நோயாளரிடம் அந்த மூன்று குறியும் இல்லை. தடுமாறும் நடையையும் பார்வைக் குறையையும் சேர்த்துப் பார்த்தபோது தவறியது 4.4 வீதமாகக் குறைந்தது. திடீரென்று சுவரைப் பிடித்து நடப்பவரை வெயில், பித்தம், தலைச்சுற்று என்று படுக்கவைக்கும் வழக்கம் உள்ள ஊரில் அந்த இரண்டு சேர்க்கையும் விட்டுவிடக்கூடியவை அல்ல.

பிரசுரங்களின் பெரிய குறை இதுவும் அல்ல. கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று முடிப்பதே பெரிய குறை. பாரிசவாதத்தில் கிட்டியது என்பதும் உகந்தது என்பதும் ஒன்றல்ல. இரவு இரண்டு மணிக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்து, கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுக்கக்கூடிய இடம் எது என்பதே கேள்வி. இலங்கையில் அந்த வசதி எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒரே சீராக இல்லை. முதலில் கிராமத்து வைத்தியசாலை, அங்கிருந்து ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து நகரம் என்று படிப்படியாகப் போகும் பயணத்தில் ஒவ்வொரு படிக்கும் பதிவும் காத்திருப்பும் உண்டு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் தகுதி இங்கேதான். இந்திய நன்கொடையோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுக்க விரிந்த அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. முச்சக்கரவண்டி எடுத்துவிடுவது வேகம் என்று குடும்பம் நினைக்கும்; நகரத்துக்குள் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முச்சக்கரவண்டி எந்த வாசலில் இறக்கவேண்டும் என்று அறியாது. இரத்தச் சீனியைச் சோதிக்காது. வருகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்காது. சீனி குறைந்தாலும் பாரிசவாதம் போலவே கை தளர்ந்து பேச்சுக் குழறும் என்பதால், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரிடத்தில் அந்த ஒரு துளி இரத்தச் சோதனைக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

சட்டம் கொடுத்த இடத்தையும் சொல்லவேண்டும். இலங்கை 1970ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் ஹோமியோபதியை அங்கீகரித்தது. 2016இன் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. வெலிசறையில் அரசாங்க ஹோமியோபதி வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. பதிவு, பயிற்றப்படாதவரிடமிருந்து பொதுமக்களைக் காக்கிறது. அது நல்ல காரியம். ஒரு மருந்து ஒரு நோயில் வேலை செய்யும் என்பதற்குப் பதிவு சான்று ஆகாது. பதிவுபெற்ற ஹோமியோபதி வைத்தியர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பாரிசவாத முதலுதவி, தொலைபேசியில் குறியைக் கேட்டவுடன் 1990ஐ அழைக்கச் சொல்வது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஹானிமனின் அடிக்குறிப்புக்கு உண்மையானவர்கள்.

முதல் மணித்தியாலங்கள் கடந்தபின் தீர்ப்பு அவ்வளவு கடுமையாக இருக்கவேண்டியதில்லை. வீடு திரும்பியவருக்கு மாதக்கணக்கில் வேண்டியது உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, மனத்தளர்வுக்குத் துணை. திருகோணமலையில் இந்தக் கட்டத்தில் மக்கள் ஹோமியோபதியைவிடச் சித்த வைத்தியத்தையே நாடுகிறார்கள்; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த வைத்தியம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்து, மடங்கிய விரலை நாள்தோறும் விரித்துவிடும் முறையில் மூட்டு இறுகாமல் காக்கும் பயன் இருக்கிறது. தொடுகையும் தொடர்ச்சியும் இருக்கிறது. குணத்தின் பெரும்பகுதி இயற்கையாகவே முதல் மூன்று மாதத்தில் வருவதால், அந்த முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். அதைச் செய்யும் தகுதியும் பொறுப்பும் அந்த வளாகத்துக்கே உண்டு. ஹோமியோபதிக் குளிகைக்கு இந்தக் கட்டத்தில் தொடுகையின் பயன்கூட இல்லை, விசாரிப்பின் ஆறுதல் மட்டும் உண்டு. அந்த ஆறுதலை விரும்புபவரைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை, ஒரு நிபந்தனை நிறைவேறும் வரைக்கும்: கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் பிறசர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, அடைப்பு நோயாளியின் அஸ்பிரின், நீரிழிவு மருந்து ஆகியவற்றில் ஒன்றையும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இரண்டாவது பாரிசவாதத்தைத் தடுப்பதாகச் சோதனையில் நின்றவை அவை. அவற்றை நிறுத்தச் சொல்பவர் எந்த முறையைச் சேர்ந்தவரானாலும், எவ்வளவு அன்போடு சொன்னாலும், அவருடைய சிகிச்சையை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.